மலையை நுண்ணோக்கியில் பார்த்தவர்

கடந்த பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கிறேன். கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள புக்கிட் தாபூர் குன்றை நம்மில் பலர் பார்த்திருப்போம். கிள்ளான் கேட்ஸ் அணைக்கு அருகில் வெள்ளைப் பற்களைப் போல வானத்தை நோக்கி நிற்கும் அந்தக் குன்று, 14 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் ஒரு குவார்ட்ஸ் சுவர். அந்த இடத்துக் குவார்ட்ஸ் துண்டு ஒன்றைக் கண்ணாடிபோல மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியின் அடியில் வைத்திருந்தேன். அதற்குள் ஒரு துளி நீர் இருந்தது. தலைமுடியின் தடிமனில் நான்கில் ஒரு பங்குதான் அதன் அளவு. துளிக்குள் ஒரு குமிழி மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

துண்டைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் குமிழி மறைகிறது என்று குறித்துக்கொள்வதுதான் எனக்குத் தந்த வேலை. நேரமாகிவிட்டதே என்று வெப்பத்தை வேகமாக ஏற்றினேன். குமிழி மறைந்த நொடியைக் கவனிக்கத் தவறினேன். வெப்பம் மேலும் ஏறியது. துளி இருந்த இடத்தில் ஒரு விரிசல் ஓடியது. மறுகணம் அங்கே கறுப்பாக ஒரு வெற்றுக் குழிதான் மிஞ்சியது.

அந்தத் துண்டில் அளக்கத் தகுதியாக இருந்தது அந்த ஒரு துளிதான். பல கோடி ஆண்டுகள் பத்திரமாக இருந்த நீரை நான் அரை மணி நேரத்தில் தொலைத்துவிட்டேன்.

விரிவுரையாளர் கோபப்படவில்லை. இந்த வேலையை முதன்முதலில் செய்தவர் யார் என்று படித்துவிட்டு அடுத்த வாரம் வரும்படி மட்டும் சொன்னார். அப்படித்தான் ஹென்றி கிளிஃப்டன் சோர்பியின் வாழ்க்கை எனக்கு அறிமுகமானது. நிலவியல் படிப்பவர்களுக்கும் உலோகவியல் படிப்பவர்களுக்கும் நன்கு தெரிந்த பெயர் அது. மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் என்பதால் இதை எழுதுகிறேன்.

கத்தி ஊரில் பிறந்த பிள்ளை

சோர்பி 1826ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரை ஒட்டிய அட்டர்கிளிஃப் பகுதியில் பிறந்தார். ஷெஃபீல்டு என்றாலே எஃகு. கத்தி, கத்தரிக்கோல், அரம், உளி என்று உலகமெங்கும் அனுப்பிய ஊர் அது. சோர்பியின் குடும்பமும் அந்தத் தொழிலில் வேரூன்றியதுதான். 1624இல் அந்த ஊரின் கத்தித் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் இவருடைய முன்னோர்களில் ஒருவர்.

சோர்பி பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பள்ளியில் பரிசாகக் கிடைத்த ஓர் அறிவியல் நூல் அவருடைய மனத்தைத் திருப்பியது என்பார்கள். பள்ளிப் படிப்புக்குப் பின் ஒரு தனியாசிரியரிடம் கணிதமும் அறிவியலும் கற்றார். பல்கலைக்கழகத்திற்குப் போகவில்லை. ஏறத்தாழ 20 வயதில் தந்தையை இழந்தார். குடும்பச் சொத்து பெரும் செல்வமாக இல்லாவிட்டாலும் வாழப் போதுமானதாக இருந்தது. தொழிற்சாலையை நடத்துவதா, பட்டம் வாங்குவதா, வேலைக்குப் போவதா என்ற கேள்விகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, வாழ்நாள் முழுதும் ஆராய்ச்சி செய்வது என்று முடிவெடுத்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது. கல்லைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உறவினர்கள் கேட்கும் கேள்வி அவருக்கு இருந்திருக்காது. அந்த வசதி நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், அந்த வசதி கிடைத்த எல்லோரும் அவர் செய்ததைச் செய்துவிடவில்லை. வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1874இல் தாயார் இறக்கும்வரை அவருடனேயே வாழ்ந்தார்.

தாளைவிட மெல்லிய பாறை

அந்தக் காலத்து நிலவியலாளர்கள் மலையேறுவார்கள், பாறையைச் சுத்தியலால் உடைப்பார்கள், வரைபடம் வரைவார்கள். பாறையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது அவர்களுடைய வழக்கத்தில் இல்லை. ஒளி ஊடுருவாத கல்லை எப்படிப் பார்ப்பது என்ற சிக்கலும் இருந்தது.

வில்லியம் வில்லியம்சன் என்ற இயற்கை ஆய்வாளர், கல்லாகிப்போன மரம், பல், எலும்பு முதலியவற்றை மிக மெல்லிய சீவலாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்துவந்தார். அவரிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்ட சோர்பி, அதைச் சாதாரணப் பாறைக்குப் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார். 1849ஆம் ஆண்டளவில் அந்த முயற்சியைத் தொடங்கினார்.

கல்லின் ஒரு பக்கத்தைச் சமமாகத் தேய்த்து, பிசினால் கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். பிறகு மறுபக்கத்தைத் தேய்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்ததும் கல் கண்ணாடியைப் போல் ஒளியை உள்ளே விடும். சற்று அதிகம் தேய்த்தால் கல்லே இருக்காது. இன்று எங்களுக்கு இதைச் செய்ய இயந்திரம் இருக்கிறது. அப்படியிருந்தும் எத்தனையோ துண்டுகளை வீணாக்குகிறோம். சோர்பி கையால் செய்தார்.

சிலேட்டுக் கல் சொன்ன கதை

நம் பாட்டி, தாத்தா காலத்தில் பள்ளியில் எழுதிய சிலேட்டுப் பலகை ஏன் அவ்வளவு தட்டையாகப் பிளக்கிறது? இது அன்று பெரிய விவாதமாக இருந்தது. படிகங்களை உருவாக்கும் ஏதோ ஒரு சக்தியே காரணம் என்று சிலர் நினைத்தார்கள். பக்கவாட்டு அழுத்தம்தான் காரணம் என்று வேறு சிலர் நினைத்தார்கள்.

சோர்பி வேல்ஸ் நாட்டுச் சிலேட்டைச் சீவலாக்கிப் பார்த்தார். உள்ளே இருந்த மைக்காச் செதில்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ஊதா நிறச் சிலேட்டில் ஆங்காங்கே பச்சை வட்டங்கள் காணப்படும். அந்த வட்டங்கள் தோசைக்கல்லில் அழுத்திய மாவைப் போலத் தட்டையாகி நீண்டிருந்தன. அவை தொடக்கத்தில் உருண்டையாக இருந்திருந்தால், பாறை எவ்வளவு நசுங்கியது என்று கணக்கிட்டுவிடலாம் அல்லவா? அதையே செய்தார். பிறகு மென்மையான களிமண்ணில் இரும்பு ஆக்சைடுச் செதில்களைக் கலந்து, அழுத்தி, அவையும் அதேபோல் ஒரே திசைக்குத் திரும்புவதைக் காட்டினார். 1853இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

மலைகள் எழும்பும்போது நிலம் பக்கவாட்டில் நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கத்தின் அளவு, கைக்குள் அடங்கும் ஒரு கல்லிலேயே பதிந்திருக்கிறது. 26, 27 வயதில் ஒருவர் காட்டிய உண்மை இது. 1857இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிறைப்பட்ட நீர்த்துளி

அடுத்து அவர் கவனம் திரும்பியது படிகங்களுக்குள் இருக்கும் நீர்த்துளிகளின் பக்கம். இவற்றை அறிவியலில் ஃபுளூயிட் இன்க்ளூஷன் என்பார்கள். இந்தக் கட்டுரையில் சிறைத்துளி என்று சொல்லிக்கொள்கிறேன்.

மலை எழும்பும்போது பாறைகள் வெடிக்கின்றன. அந்த வெடிப்புகளில் ஆழத்திலிருந்து வெந்நீர் ஏறுகிறது. அந்த நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, சூடு தணியும்போதோ அழுத்தம் குறையும்போதோ வெடிப்பின் சுவரில் குவார்ட்ஸாகப் படிகிறது. பாறையின் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் கனிம நாளங்கள். புக்கிட் தாபூர் அப்படிப்பட்ட ஒரு மாபெரும் நாளம்.

குவார்ட்ஸ் வளரும்போது அதன் மேற்பரப்பில் சிறு குழிகள் ஏற்படும். குழி மூடிக்கொள்ளும்போது அப்போது அங்கே இருந்த நீரில் ஒரு துளி உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே வர வழியில்லை. மலை உயர்ந்தாலும், மேலிருந்த பாறைகள் எல்லாம் மழையில் கரைந்து போனாலும், அந்தத் துளி அன்று இருந்த நீராகவே உள்ளே இருக்கும். வெள்ளைக் குவார்ட்ஸ் பால்போல் வெண்மையாகத் தெரிவதற்கே இத்தகைய எண்ணற்ற துளிகள்தான் காரணம். சில குவார்ட்ஸில் ஒரு கன அங்குலத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட துளிகள் இருப்பதாக சோர்பி கணக்கிட்டார்.

படிகங்களுக்குள் நீர் இருப்பது அவருக்கு முன்பே தெரியும். ஹம்ஃப்ரி டேவி, டேவிட் புரூஸ்டர் போன்றவர்கள் அதை ஆராய்ந்திருந்தார்கள். ஆனால், அந்தத் துளியை ஒரு வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் சோர்பி.

அவருடைய சிந்தனை மிக எளிமையானது. சூடான நீர் ஒரு குழியை முழுதாக நிரப்பியபடி மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு எல்லாம் குளிர்கிறது. குவார்ட்ஸ் மிகச் சிறிதளவே சுருங்கும். நீர் அதைவிட அதிகமாகச் சுருங்கும். அப்போது குழியில் நீர் நிரம்பாத ஓர் இடம் உண்டாகும். அதுதான் குமிழி. அப்படியானால் அந்தப் படிகத்தை மறுபடியும் சூடாக்கினால் நீர் விரிந்து, குமிழி சுருங்கி, ஒரு கட்டத்தில் மறைந்துவிடும். குமிழி மறையும் வெப்பநிலை, அந்தத் துளி சிறைப்பட்ட நாளின் வெப்பநிலையைப் பற்றி நமக்குச் சொல்லும்.

இதை அவர் ஊகமாக விட்டுவிடவில்லை. உப்புப் படிகங்களைக் குளிர்ந்த கரைசலிலும் சூடான கரைசலிலும் தாமே வளர்த்துப் பார்த்தார். குளிர்ந்த கரைசலில் வளர்ந்தவற்றின் துளிகளில் குமிழி இல்லை. சூடான கரைசலில் வளர்ந்தவற்றில் இருந்தது. நீரும் உப்புநீரும் அதிக வெப்பத்தில் எவ்வளவு விரியும் என்ற விவரம் அன்று போதுமானதாக இல்லை. அதையும் தாமே அளந்தார்.

இன்னொன்றையும் அவர் புரிந்துகொண்டார். ஆழத்தில் பாறையின் எடை நீரை அழுத்தும். அழுத்தப்பட்ட நீர் அடர்த்தியாகச் சிறைப்படும். அதனால் குமிழி மறையும் வெப்பநிலை உண்மையான வெப்பநிலையைவிடக் குறைவாகவே இருக்கும். அதாவது, குமிழி காட்டுவது குறைந்தபட்ச வெப்பநிலை. வெப்பம் எவ்வளவு என்று வேறு வழியில் ஓரளவு தெரிந்தால், எஞ்சிய வேறுபாட்டிலிருந்து அழுத்தத்தையும், அழுத்தத்திலிருந்து ஆழத்தையும் கணக்கிடலாம். கார்ன்வால் பகுதிக் கிரானைட்டைவிட ஸ்காட்லாந்து மலைப்பகுதிக் கிரானைட் அதிக அழுத்தத்தில் உருவானது என்று அவர் இந்த வழியில்தான் முடிவுசெய்தார்.

கிரானைட் நெருப்பில் உருகி உருவானதா, நீரிலிருந்து படிந்ததா என்ற பழைய சண்டைக்கும் அந்தத் துளிகள் ஒரு பதிலைத் தந்தன. கிரானைட்டின் குவார்ட்ஸில் நீர்த்துளிகள் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்குள் நுண்ணிய உப்புப் படிகங்களும் இருந்தன. ஆகவே, உருகிய பாறையோடு சூடான உப்புநீரும் சேர்ந்தே அங்கே இருந்திருக்க வேண்டும் என்றார் சோர்பி.

நம்ப மறுத்த சபை

1857 டிசம்பரில் லண்டன் நிலவியல் சங்கத்தின் கூட்டத்தில் இந்த ஆய்வு வாசிக்கப்பட்டது. மறு ஆண்டு அச்சில் வந்தது. சபையில் இருந்த மூத்தவர் ஒருவர், சங்கத்தின் நீண்ட வரலாற்றில் கேட்பவர்களின் நம்பும் சக்தியை இவ்வளவு சோதித்த கட்டுரை வேறொன்று தமக்கு நினைவில் இல்லை என்ற பொருளில் பேசினாராம்.

மலைகளை நுண்ணோக்கியால் ஆராய்வது முறையல்ல என்று ஆல்ப்ஸ் மலையை ஆராய்ந்த சொசூர் முன்பே சொல்லியிருந்தார். அதை எடுத்துக்காட்டிப் பலர் சோர்பியைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல வேளையாகத் தாம் அவர்களைப் பொருட்படுத்தவில்லை என்று பல ஆண்டுகளுக்குப் பின் அவர் நினைவுகூர்ந்தார்.

என்னை யோசிக்க வைத்த இடம் இது. அந்த மூத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். மலையின் பிரம்மாண்டத்தைத் தம் கால்களால் அறிந்தவர்கள். ஒரு மலைத்தொடரின் வரலாறு கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியில் இருக்கிறது என்றால் யாருக்கும் முதலில் நம்பிக்கை வராது. சோர்பிக்கும் அது தெரியும். ஒரு பொருளின் அளவுக்கும் அது தரும் உண்மையின் மதிப்புக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்ற கருத்தை அந்தக் கட்டுரையிலேயே அவர் முன்வைத்திருந்தார். அதற்குமேல் வாதாடிக்கொண்டிருக்காமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவருடைய நல்ல மாணவர் ஒருவர் வேறு நாட்டில் கிடைத்தார். 1861இல் ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில் ஃபெர்டினாண்ட் சிர்க்கல் என்ற இளைஞரைச் சந்தித்தார். தாம் பாறையைப் பார்க்கும் முறையை அவருக்குக் காட்டினார். சிர்க்கல் அதைப் பற்றிக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியில் பாறை நுண்ணோக்கியியல் ஒரு முழுத் துறையாகவே வளர்ந்தது. இங்கிலாந்து பிறகுதான் அதைக் கற்றுக்கொண்டது.

எஃகு, விண்கல், படகு

சோர்பியின் மற்ற வேலைகளைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. 1863ஐ ஒட்டித் தம் ஊரின் எஃகை மெருகூட்டி, அமிலத்தால் இலேசாக அரித்து, நுண்ணோக்கியில் பார்த்தார். உலோகத்துக்கும் பாறையைப் போலவே உள் அமைப்பு உண்டு என்று தெரிந்தது. இன்று உலோகவியல் மாணவர் ஒவ்வொருவரும் செய்யும் ஆய்வின் தொடக்கம் அது. அதற்கும் உடனே வரவேற்பு இல்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்தே எஃகுத் தொழில் அதைத் திரும்பிப் பார்த்தது.

விண்கற்களில் உள்ள சிறு உருண்டைகள் ஒரு காலத்தில் உருகிய துளிகளாக இருந்தவை என்று காட்டினார். நீலக்கல்லுக்குள் சிறைப்பட்ட திரவக் கரியமிலவாயுவை ஆராய்ந்தார். 1869இல் நிலவியல் சங்கம் தன் உயரிய வோலஸ்டன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அவர் கட்டுரையை நம்பத் தயங்கிய அதே சங்கம், 1878இல் அவரைத் தலைவராகவும் ஆக்கியது. தாயார் மறைந்த பிறகு ஒரு படகு வாங்கி, கோடைக் காலங்களில் கடலோரம் சென்று மணலையும் சேற்றையும் கடல் உயிரினங்களையும் ஆராய்ந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்காத அவர், 1905இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் உருவாகப் பாடுபட்டவர்களில் ஒருவர்.

கடைசி ஆண்டுகளில் உடல் செயலிழந்து படுக்கையில் கிடந்தார். அந்த நிலையிலும், மணல் எப்படிப் படிகிறது, பாறையின் அமைப்பை எப்படி எண்களால் சொல்வது என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1908 மார்ச் 9ஆம் நாள் காலமானார். அந்தக் கட்டுரை அதே ஆண்டில் வெளிவந்தது.

நூறு ஆண்டுகள் கழித்து

அவருடைய நீர்த்துளி ஆய்வு என்ன ஆயிற்று? நீண்ட காலம் அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. துளி உண்மையிலேயே கசியாமல் இருந்ததா, அழுத்தத்தின் பங்கை எப்படிப் பிரிப்பது என்ற நியாயமான ஐயங்கள் இருந்தன. சோர்பியின் சில ஆழக் கணக்குகள் மிகையானவை என்பதும் பின்னர் தெரிந்தது. உயர் அழுத்தத்தில் நீர் எப்படி நடந்துகொள்ளும் என்ற தரவு அவர் காலத்தில் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் சோவியத் ஒன்றியத்தில் எர்மக்கோவும் அமெரிக்காவில் எட்வின் ரோடரும் இந்தத் துறைக்கு மறுவாழ்வு தந்தார்கள்.

இன்று துளியைச் சூடாக்குவது மட்டுமல்ல, உறையவும் வைக்கிறோம். உப்பு அதிகமாக இருந்தால் பனி குறைந்த வெப்பநிலையில் உருகும். கடைசிப் பனித்துண்டு மைனஸ் 5 பாகையில் உருகினால், அந்த நீரில் ஏறக்குறைய 8 விழுக்காடு உப்பு இருக்கிறது என்று பொருள். அது கடல்நீரைவிட இரு மடங்குக்கும் மேல். மைனஸ் 56.6 பாகையில் ஏதேனும் உருகினால் உள்ளே தூய கரியமிலவாயு இருக்கிறது என்று அறிகிறோம்.

இந்த எண்களைக் கொண்டு ஒரு மலையின் பயணத்தையே வரையலாம். ஒரே நாளத்தில் பல தலைமுறைத் துளிகள் இருக்கும். படிகம் வளர்ந்தபோது மாட்டியவை முதல் தலைமுறை. பின்னர் படிகம் விரிசல் விட்டு மறுபடி ஒட்டிக்கொண்டபோது அந்த விரிசலில் வரிசையாக மாட்டியவை அடுத்த தலைமுறை. முதல் துளிகள் மலை ஆழத்தில் புதைந்திருந்த காலத்தைச் சொல்லும். பிந்தியவை அது மேலே எழுந்துவந்த காலத்தைச் சொல்லும். எந்த விரிசல் எதை வெட்டிச் செல்கிறது என்று பார்த்து அவற்றை வரிசைப்படுத்துகிறோம்.

ஆல்ப்ஸ் மலையின் வெடிப்புகளில் வளர்ந்த குவார்ட்ஸை சுவிட்சர்லாந்தின் ஜோசஃப் முல்லிஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மலைத்தொடரின் வெளி ஓரத்தில் உள்ள துளிகளில் எண்ணெய் போன்ற கனமான ஹைட்ரோகார்பன்கள் இருந்தன. உள்ளே போகப்போக மீத்தேன் வந்தது. அதற்கும் உள்ளே பெரும்பாலும் நீர். இன்னும் உள்ளே கரியமிலவாயு. ஏறத்தாழ 200 பாகையைத் தாண்டும்போது மீத்தேன் மண்டலமும் 270 பாகையைத் தாண்டும்போது நீர் மண்டலமும் தொடங்குகின்றன. மலை மோதி எழுந்தபோது எந்தப் பகுதி எவ்வளவு ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது என்ற வரைபடத்தை இப்படித் துளிகளே வரைந்து தந்தன. நுண்ணோக்கியால் மலையைப் பார்க்கக் கூடாது என்று சொசூர் கருதியதும் ஆல்ப்ஸ் மலையை மனத்தில் வைத்துத்தான்!

மீண்டும் ஆய்வுக்கூடத்தில்

அடுத்த வாரம் நான் விரிவுரையாளரைப் பார்க்கப் போனேன். அதே குவார்ட்ஸிலிருந்து இன்னொரு துண்டை நானே தேய்த்தேன். மூன்று நாள் ஆனது. அளக்கத் தகுந்த துளிகளைத் தேடி எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் வரைந்துகொண்டேன். இந்த முறை வெப்பத்தை ஒவ்வொரு பாகையாக ஏற்றினேன். குமிழி நடுங்கியது, சுருங்கியது, புள்ளியானது, மறைந்தது. உடனே வெப்பத்தைக் குறைத்தேன். சற்று நேரத்தில் குமிழி மீண்டும் தோன்றியது. துளி கசியவில்லை என்று மனம் நிம்மதியானது.

நான் அளந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு மாணவரின் சில அளவீடுகளைக் கொண்டு ஒரு குன்றின் வரலாற்றைச் சொல்ல முடியாது. தீபகற்பத்தின் நடுமலைத்தொடரில் உள்ள கிரானைட் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. நிலத்தட்டுகள் மோதிய காலத்தோடு சேர்ந்தது அந்தக் கிரானைட்டின் கதை. அது இறுகிய பிறகு ஏற்பட்ட பிளவு ஒன்றில் ஏறிய வெந்நீர்தான் புக்கிட் தாபூரை விட்டுச்சென்றது. அந்த நீரின் சூட்டை ஒரு கணம் நான் பார்த்தேன் என்பது மட்டும் எனக்குப் போதும்.

சோர்பியிடம் நான் கற்றது நுண்ணோக்கியைப் பற்றி மட்டுமல்ல. அவருடைய கட்டுரையில் மிகவும் பிடித்தது, குமிழி காட்டுவது குறைந்தபட்ச வெப்பநிலைதான் என்று அவரே எல்லை போட்டுக்கொண்ட இடம். நம்பாத சபையின் முன் நிற்கும்போது நம் கண்டுபிடிப்பைச் சற்றுப் பெரிதாக்கிச் சொல்லத்தான் தோன்றும். அவர் தம் அளவீடு எவ்வளவு சொல்லுமோ அந்த அளவில் நின்றார். அவர் கணக்கில் சில திருத்தப்பட்டன. முறை நிலைத்துவிட்டது.

ஷெஃபீல்டில் அவர் பெயரில் ஓர் இயற்கை ஆர்வலர் சங்கம் உண்டு. நிலவில் ஒரு நீண்ட மேட்டுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அவருக்கு அடையாளம் எதுவுமில்லை. ஆனால், அடுத்த முறை கிள்ளான் கேட்ஸ் பக்கம் போகும்போது அந்த வெள்ளைப் பாறையைச் சற்று நேரம் பாருங்கள். அந்த வெண்மை, கோடிக்கணக்கான துளிகளின் வெண்மை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குமிழி, யாராவது பொறுமையாகச் சூடாக்கிப் பார்ப்பார்களா என்று காத்திருக்கிறது.